‘திருப்பு’ என்று கத்தியவள்

என் குரல் பெரியது. பிறந்த வீட்டில் ஐந்து தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசினால்தான் அடுத்த அறையில் இருப்பவருக்குக் காதில் விழும். அதனால் நாங்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். அது கோபமில்லை என்று எங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் உள்ளே ஏதோ சண்டை என்று நினைத்து வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். நான் படித்து முடித்து, காஞ்சிபுரத்திலேயே ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை ஆனபோது, “உனக்கு விசில் வாங்கித் தர வேண்டாம் போலிருக்கே” என்றார் தலைமை ஆசிரியை. அது பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணப் பேச்சு வந்தபோது இந்தக் குரல் பெரிய தொந்தரவாகிவிட்டது. “பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது, தொண்டைதான் கொஞ்சம்…” என்று இழுத்துவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. கடைசியாக வந்த மாப்பிள்ளை மட்டும் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“கிரவுண்டுல நீங்க கத்துனா எவ்ளோ தூரம் கேக்கும்?”

என் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. “ஓட்டப் பந்தயத்துல இந்தக் கோடியில நின்னு கத்துனா அந்தக் கோடியில திரும்பிப் பாப்பாங்க” என்றேன். அவர் ஏதோ நல்ல செய்தி கேட்டவர்போலத் தலையாட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அவருடைய அம்மா, “நாங்க தெருமுனையில வர்றப்பவே கேட்டுச்சு. எந்த வூடுன்னு யாரையும் விசாரிக்கத் தேவப்படல” என்று சிரித்தார். அப்படித்தான் எங்கள் கல்யாணம் முடிவானது.

அந்தக் கேள்வியின் காரணம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. என் கணவர் பேருந்து நிலையத்துக்கு அருகே யு.பி.எஸ்., எமர்ஜென்சி விளக்கு, பேட்டரி எல்லாம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கல்லூரியில் படிக்கும்போது தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்து, தக்கைபோல லேசான பால்சா மரத்தில் சின்ன விமானங்கள் செய்யக் கற்றுக்கொண்டவர். அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. மற்ற வீடுகளில் பரணில் பித்தளைப் பாத்திரம் இருக்கும். எங்கள் பரணில் இறக்கைகள் இருந்தன. பேட்டரியில் ஓடும் விமானங்கள் அவை. நீட்டிய இரண்டு கைகளின் அகலம்கூட இருக்காது. தூக்கினால் ஒரு கிலோ அரிசியைவிடக் கொஞ்சம்தான் கனம். ஆனால் பறக்கும்போது கண்ணைச் சிமிட்டினால் எங்கே போனது என்று தேட வேண்டும்.

அவருக்குப் பிடித்தது பைலான் பந்தயம். மைதானத்தில் மூன்று கம்பங்களை முக்கோணமாக நட்டிருப்பார்கள். விமானங்கள் அந்த மூன்றையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். பத்துச் சுற்று. யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஓட்டுகிறவர் கீழே நின்று ரிமோட்டைப் பிடித்திருப்பார். தூரத்தில் இருக்கிற கம்பத்தை விமானம் தாண்டிவிட்டதா இல்லையா என்று நின்ற இடத்திலிருந்து அவரால் கணிக்க முடியாது. தாண்டுவதற்கு முன்பே திருப்பினால் தண்டனை. தாண்டி ரொம்ப தூரம் போனால் நேரம் நஷ்டம். அதனால் பக்கத்தில் ஒருவர் நின்று குரல் கொடுக்க வேண்டும். விமானத்தைக் கையால் வீசிப் பறக்க விடுவதும் அவர்தான். என் கணவருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நண்பர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். மோட்டார் சத்தத்துக்கு மேலே எழும்பக்கூடிய ஒரு தொண்டையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்.

“இதுக்குத்தான் என்னக் கட்டிக்கினீங்களா?” என்று கேட்டேன்.

“இதுக்கும்தான்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் பயிற்சி செய்தோம். மூன்று மூங்கில் நட்டு, உச்சியில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினோம். நான் விமானத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு சில அடி ஓடி வீசுவேன். ஈட்டி எறிந்து பழகிய கை என்பதால் அது எனக்குச் சுலபமாக வந்தது. கத்துவதில்தான் சிக்கல்.

“திருப்புங்க!” என்று கத்தினேன். விமானம் மூங்கிலைத் தாண்டி எங்கோ போய், பெரிய வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. மறுபடியும் “திருப்புங்க!” மறுபடியும் அதே கதை.

விமானத்தை இறக்கிவிட்டுச் சொன்னார்: “அந்த ‘ங்க’ வேணாம்மா. அது உன் வாயிலேர்ந்து வர்றதுக்குள்ள பிளேன் வாலாஜாபாத் போயிடுது.”

“அதுக்காக உங்கள வா போன்னு சொல்ல முடியுமா?”

“ஆத்துல சொல்லலாம். வூட்டுல வேணாம்.”

முதல் முறை “திருப்பு!” என்று கத்தியபோது என் நாக்கே கூசியது. நாலைந்து ஞாயிறுகளில் அந்தக் கூச்சம் போய்விட்டது. பிறகு எனக்கு அது பிடிக்கவும் ஆரம்பித்துவிட்டது என்பதை இப்போது சொன்னால் என்ன. சின்ன வயதிலிருந்து “மெதுவாப் பேசு” என்று மட்டுமே கேட்டு வந்தவளிடம், ஒரு மனிதர் ஆற்றுமணலில் நின்று, “இன்னும் சத்தமா” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மணல் ஏற்ற வந்த லாரிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். செய்தி ஊருக்குள் வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. தறிக்குப் பட்டு வாங்கப் போன இடத்தில் யாரோ அத்தையிடம், “உங்க மருமவ ஆத்துல நின்னுக்கினு உங்க புள்ளைய மிரட்டிக்கினு இருக்குதாமே” என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆட்டோ பிடித்து அவரே ஆற்றுக்கு வந்துவிட்டார். குடையை விரித்துக்கொண்டு, மணலில் முழுப் பயிற்சியையும் உட்கார்ந்து பார்த்தார். நான் “திருப்பு! திருப்பு!” என்று அலறியது அவரை ஒன்றும் செய்யவில்லை. அவருடைய கவலை வேறாக இருந்தது.

“இன்னாடா இது, எடப்பக்கமாவே சுத்துது? கோயில்ல வலமாத்தான சுத்துவாங்க?”

“ஒலகம் பூரா இதுக்கு இதாம்மா ரூலு” என்றார் என் கணவர்.

அத்தை குடையை மடக்கினார். “சரி, நீ எத்தினி சுத்து இப்படிச் சுத்துறியோ, அத்தினி சுத்து நான் பிரகாரத்துல வலமா சுத்திடறேன். கணக்கு சரியாப் பூடும்” என்றார். சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு எங்களைப் பற்றித் தெருவில் யாரும் பேச்செடுத்தால் அவரே முந்திக்கொண்டு, “அது பந்தயம்மா, அப்படித்தான் கத்தணும்” என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம், காந்தி ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த என் கணவர், மலேசியாவில் நடக்கப்போகும் ஒரு சர்வதேசப் பந்தயத்தைப் பற்றிப் படித்துவிட்டு ஓடி வந்தார். பேட்டரி விமானங்களுக்கு மட்டுமான பந்தயம். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். துபாய் நண்பர், யாரோ ஊருக்கு வருகிறவரிடம் ஒரு நல்ல மோட்டாரைக் கொடுத்தனுப்பினார். என் பள்ளியில் விடுமுறை தந்தார்கள். ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, விமானங்களைப் பழைய புடவைகளில் சுற்றி உள்ளே வைத்தோம். மீனம்பாக்கத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, “இந்தப் பொம்மைய ஓட்டவா மலேசியா? வீட்டுல சொல்லிட்டுத்தான வர்றீங்க?” என்று கேட்டுவிட்டு மூடினார்.

பந்தய மைதானம் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. வெயில் எங்கள் ஊர் வெயில்தான், ஆனால் காற்றே ஈரத்துணி போல மேலே ஒட்டியது. ஏறக்குறைய இருபது போட்டியாளர்கள், பல நாடுகளிலிருந்து. அவர்களுடைய விமானங்கள் கண்ணாடிபோலப் பளபளத்தன. எங்களுடையதில் நான் பூசிய பெயின்ட் ஓர் இடத்தில் வழிந்திருந்தது. குரல் கொடுப்பவர்களும் ஹெல்மெட் போட வேண்டும் என்பது விதி. காஞ்சிபுரத்தில் ஸ்கூட்டரின் பின்னால் எத்தனையோ வருஷம் உட்கார்ந்து போனவள், வாழ்க்கையில் முதல்முறையாக ஹெல்மெட் போட்டது தரையில் நிற்பதற்காக.

தூரத்துக் கம்பத்தில் ஓர் அதிகாரி நிற்பார். விமானம் கோட்டைத் தாண்டியதும் அவர் பொத்தானை அழுத்த, எங்கள் பக்கம் ஒரு விளக்கு எரியும். நான்கு நான்கு பேராகக் குழு பிரித்து, இரண்டு நாளில் பல பந்தயங்கள் வைத்து, எல்லா நேரத்தையும் கூட்டித்தான் இடம் சொல்வார்கள். முதல் பந்தயத்தில் நான் பயத்தில் விளக்குக்கு முன்பே கத்தி, தண்டனை வாங்கிக்கொடுத்தேன். என் கணவர் என் பக்கம் குனிந்து, “ஆத்துல மாதிரியே கத்து. இதுவும் ஆறுதான்னு நெனச்சுக்கோ” என்றார்.

இரண்டாவது பந்தயத்தில் எங்களோடு பறந்தவர்களில் ஒரு ஜப்பானியர் இருந்தார். என் அப்பா வயதிருக்கும். அவருக்கு அவருடைய மனைவிதான் குரல் கொடுத்தார். அந்த அம்மாள் “ஹை!” என்று ஒரே எழுத்தில் சொல்வார். நானூறு பேர் நடுவே சொன்னாலும் கணவர் காதுக்கு மட்டும் போகும் போலிருந்தது அந்தக் குரல். நான்காவது சுற்றோ ஐந்தாவதோ, தூரத்துக் கம்பத்தில் அவருடைய விமானமும் எங்களுடையதும் ஒன்றாகத் திரும்பின. சடார் என்று ஒரு சத்தம். வானத்தில் இரண்டு விமானங்கள் இருந்த இடத்தில் வெறும் துண்டுகள் மிதந்து விழுந்தன. எங்கள் விமானத்தின் முன்பாதி, மோட்டார் ஓடிக்கொண்டே, எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஓரச் சாக்கடையில் போய்க் குத்தியது.

யார்மேலும் தப்பில்லை என்றும், இருவரும் அன்றைக்கே மறுபடி பறக்கலாம் என்றும் நடுவர்கள் சொன்னார்கள். சேற்றில் இறங்கி எடுத்தோம். மோட்டார் பிழைத்திருந்தது. ஆனால் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் ஸ்பீடு கன்ட்ரோலர் எரிந்து கருகிப்போயிருந்தது. இன்னொரு விமானம் பெட்டியில் இருந்தது, ஆனால் அதற்கும் இந்த ஒரே கன்ட்ரோலரைத்தான் நம்பியிருந்தோம். என் கணவர் பல் விளக்கும் பிரஷ்ஷால் மோட்டாரில் இருந்த சேற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“போதும்மா. வந்தோம், பறந்தோம். ஊருக்குப் போலாம்.”

அப்போதுதான் அந்த ஜப்பானியர் மனைவியோடு எங்கள் மேசைக்கு வந்தார். இடுப்பு வரை குனிந்து ஏதோ சொன்னார். என் கணவரும் பதற்றத்தில் குனிந்தார். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு புதிய கன்ட்ரோலரை எடுத்து என் கணவரின் உள்ளங்கையில் வைத்தார்.

“நோ, நோ” என்றார் என் கணவர்.

அவர் விரலால் என் கணவரையும் தன்னையும் மாறி மாறிக் காட்டினார். “யூ ஃப்ளை. மீ ஃப்ளை. ஓகே?”

அதோடு போகவில்லை. கார் பேட்டரியில் சூடாகி, ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் தன்னுடைய சால்டரிங் கருவியைக் கொண்டு வந்து, அருகிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல், கம்பிகளின் நிறத்தைக் காட்டிக் காட்டியே பேசிக்கொண்டு வேலை செய்தார்கள். அவருடைய மனைவி வெயிலில் நின்றபடி அந்த இருவருக்கும் குடை பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று எத்தனை முறை கை நீட்டியும் தரவில்லை. நீ குரல் கொடுக்க வேண்டியவள், உட்கார் என்று சைகை காட்டினார்.

மாலையில் பறந்தோம். எங்கள் குழுவில் ஜப்பானியர் முதலில் வந்தார், நாங்கள் மூன்றாவது. தண்டனை ஒன்றும் இல்லை. இறங்கிய பிறகு, தூரத்துக் கம்பத்தில் பொத்தான் அழுத்திய இளைஞர் ஓடி வந்தார். அந்த ஊர்த் தமிழர். “யாரு அக்கா அந்தத் திருப்பு? அந்தக் கம்பம் வரைக்கும் கேக்குதுலா. நானே திரும்பிடலாம்னு பாத்தேன்” என்றார். பக்கத்தில் நின்ற ஜப்பானியருக்கும் ஆங்கிலத்தில் அந்த வார்த்தையின் பொருளைச் சொன்னார். அவர் அதை வாயில் போட்டு உருட்டிப் பார்த்தார். “திருப்பு. திருப்பு.”

மறுநாள் கடைசிப் பந்தயம். இந்த முறை எங்கள் குழு முதலில் பறந்து முடித்துவிட்டது, ஜப்பானியர் அடுத்த குழுவில் இருந்தார். எங்கள் கணக்கில் அதுவரை பறந்ததிலேயே நல்ல நேரம். ஆனாலும் பட்டியலில் நடுவுக்குக் கொஞ்சம் கீழேதான். அதுவே எங்களுக்குப் பெரிது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது முதலுதவிக் கூடாரத்துப் பக்கம் கூட்டம் தெரிந்தது. அந்த ஜப்பானிய அம்மாள் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டார். ஓடினேன். கழுத்திலும் நெற்றியிலும் ஈரத்துண்டு போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கண் விழித்திருந்தார். ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் எழுந்திருக்கக் கூடாது என்றார் நர்ஸ். முந்தைய நாள் எங்களுக்குக் குடை பிடித்து நின்றதால்தானோ என்று நினைத்துக்கொண்டே அவர் பக்கத்தில் மண்டியிட்டேன்.

அவருடைய கணவர் ஒரு பக்கம் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். கடைசிப் பந்தயத்தில் நன்றாகப் பறந்தால் அவருக்கு மூன்றாம் இடம் கிடைக்கும் நிலைமை. அவர் போவதாக இல்லை. மனைவிதான் படுத்தபடியே அவரிடம் ஏதோ கண்டிப்பாகச் சொன்னார். பிறகு என்னை நோக்கிக் கையை நீட்டினார். கணவர் என் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கி, “திருப்பு? ப்ளீஸ்?” என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். “நீங்க போங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.”

“என்னக் கேக்கல. உன்னத்தான் கேக்குறாரு” என்றார். “போம்மா. சீக்கிரம் போ.”

பந்தயத்துக்கு முன் சில நிமிஷம்தான் இருந்தது. அவர் ரிமோட்டைச் சும்மா பிடித்துக்கொள்ள, நான் “திருப்பு!” என்று கத்த, அவர் கட்டைவிரலை அசைத்துக் காட்டினார். இரண்டு முறை செய்து பார்த்தோம். அவ்வளவுதான் ஒத்திகை. அவருடைய விமானத்தைக் கையில் வாங்கியபோது, அது எங்களுடையதைவிட எவ்வளவு வழவழப்பாக இருந்தது என்பதைவிட, இன்னொருவருடைய பொருள் என்பதுதான் கையில் கனத்தது. வீசினேன். நேராகப் போனது.

முதல்முறை தூரத்துக் கம்பத்தில், பழக்கப்படி விளக்கு எரியப்போகும் கணத்திலேயே கத்தினேன். அவர் உடனே திருப்பிவிட்டார். விமானம் கோட்டை உரசிக்கொண்டு தாண்டியது. எனக்கு உயிர் போய் வந்தது. என் கணவர் ‘பு’வில் திருப்புகிறவர். இவரோ ‘தி’யிலேயே திருப்புகிறார். மனைவியின் ஒற்றை எழுத்துக்குப் பழகிய காது அது. அடுத்த சுற்றில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பொறுத்துக் கத்தினேன். சரியாக இருந்தது. அதற்கப்புறம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. விளக்கு, என் குரல், அவருடைய கட்டைவிரல். ஒரு சுற்றில் இன்னொரு விமானம் மிக அருகே வந்தது. “மேல!” என்று என்னை அறியாமல் தமிழில் கத்திவிட்டேன். அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. என் குரலில் என்ன இருந்ததோ, விமானத்தை மேலே ஏற்றித் தப்பித்தார். பத்தாவது சுற்றுக்கு மணி அடித்தபோது என் தொண்டை கிழிந்திருந்தது.

தண்டனை இல்லை. மொத்தக் கணக்கில் அவருக்கு மூன்றாம் இடம்.

அவர் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு என் முன்னால் குனிந்தார். நான் கும்பிட்டேன். வேலியோரம் நின்ற என் கணவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். தான் பறந்தபோதுகூட அவர் அவ்வளவு குதித்து நான் பார்த்ததில்லை.

பரிசளிப்பில் ஓட்டியவரோடு குரல் கொடுத்தவரும் மேடையில் நிற்க வேண்டும். அதற்குள் அந்த அம்மாள் எழுந்து நாற்காலியில் உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தார். நீங்கள்தான் போக வேண்டும் என்று சைகையில் கெஞ்சினேன். அவர் என் முதுகில் கை வைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குள் தள்ளுவதுபோல, மேடைப் பக்கம் தள்ளினார். ஏறி நின்றேன். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தவர் என் கணவர்தான். “சிரிம்மா, சிரி” என்று கத்தினார். ஜப்பானியர் சிரித்தார்.

கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஜப்பானியர் வாங்கவில்லை. அதை வைத்தே இன்னும் எத்தனையோ ஞாயிறுகள் பாலாற்றில் விமானம் பறக்க விட்டோம். அந்த இரண்டு பேரைப் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்லவர்களை நினைக்கும்போது, பாஷை தெரியாத அந்த இருவரும் சொந்தக்காரர்களோடு சேர்ந்தேதான் நினைவுக்கு வருகிறார்கள். தன் இடத்தில் என்னை நிறுத்திய ஒரு பெண். தன் மனைவி வேறொருவரோடு மேடையில் நிற்பதைப் பூரித்துப் படம் பிடித்த ஒரு கணவர். எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை என்று எனக்குத் தெரியும்.

ஊருக்கு வந்து, ஸ்டுடியோவில் ஃபிலிமைக் கழுவி, போட்டோக்களை அத்தையிடம் காட்டினோம். மேடைப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார்.

“இந்த ஆளு யாரு? எம்புள்ள எங்க?”

“அவருதான் அத்தை போட்டோ எடுத்தாரு.”

“அப்ப கப்பு?”

“இவருக்குத்தான்.”

“நீ எதுக்கு மேல ஏறி நின்னுக்கினு இருக்கற?”

மோதியது, கருகியது, குடை, மயக்கம், என் கத்தல் என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் கணவர் நடுநடுவே கையை விமானமாக வைத்துக் காட்டினார். அத்தை போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அந்தம்மாக்கு ஒடம்பு தேவலையாச்சா?”

“சாயங்காலமே எழுந்து உக்காந்துட்டாங்க அத்தை. டீ கூடக் குடிச்சாங்க.”

“அது போதும்” என்றார். பிறகுதான் போட்டோவை மறுபடியும் எடுத்து, இந்த முறை என் முகத்தை மட்டும் நிதானமாகப் பார்த்தார்.

“நல்லாக் கறுத்துட்ட நீ” என்றார். “உள்ள போய் மொதல்ல மோர் குடி.”